உதட்டு ரேகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது
(வாலாஜாபாத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. அதில் உங்கள் படமும் பணியாளர் எண்ணும் ரத்தப் பிரிவும் இருக்கின்றன. அந்த அட்டையும் செல்போனும் இல்லாமல் ஒருவர் சாலையோரத்தில் இறந்து கிடந்தால், அவர் இன்னார் என்று எப்படிச் சொல்வது? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையிலும் பணிபுரியும் காவலர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

நான் பல் மருத்துவக் கல்லூரியில் வாய் நோயியல் கற்பிப்பவன். எங்கள் மாணவர்கள் விரும்பி எடுக்கும் ஆய்வுத் தலைப்புகளில் ஒன்று உதட்டு ரேகை. உதட்டின் சிவந்த பகுதியில் ஓடும் கோடுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அதனால் ஒரு குவளையில் பதிந்த உதட்டுச் சுவட்டைக் கொண்டு அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நூல்கள் சொல்கின்றன. இதில் முதல் பாதியை நான் ஏற்கிறேன். இரண்டாம் பாதி இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருவர் செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போக நேரும். அப்படி ஒருவர் போயும் இருக்கிறார். அந்த வழக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடையாளம் காண்பது பற்றி இந்தப் பகுதியில் நின்று பேசுகிறவர் ஸ்ரீபெரும்புதூரைத் தொடாமல் போக முடியாது. 1991 மே 21 இரவு பத்து மணிக்கு மேல், தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் அருகில் குண்டு வெடித்தது. முதலில் எது வெடித்தது என்பதே தெளிவாகவில்லை. பூங்கொத்தில் குண்டு இருந்ததா, தரையில் புதைத்திருந்தார்களா என்று பல விதமாகப் பேசினார்கள். தமிழ்நாடு தடய அறிவியல் துறையை உருவாக்கி வளர்த்த இயக்குநர் பி. சந்திரசேகரன் உடல்களைப் பார்த்த விதம்தான் வழக்குக்கு வழி திறந்தது. மற்றவர்களின் உடலில் எந்தப் பக்கம் குண்டை நோக்கி இருந்ததோ அந்தப் பக்கம் சிதைந்திருந்தது. ஒரு பெண்ணின் உடல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தலை கிடைத்தது, கைகால் பகுதிகள் கிடைத்தன, நடு உடலைக் காணவில்லை. குண்டு அவருக்கு முன்னாலோ பின்னாலோ இல்லை, அவர் உடம்பிலேயே கட்டப்பட்டிருந்தது என்பதை அந்த இல்லாமை சொன்னது. நீல டெனிம் துணித் துண்டுகள், ஒயர்கள், பேட்டரி, சுவிட்சு, சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள் எல்லாவற்றையும் மண்ணிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, அந்த வெடிகுண்டுக் கச்சை எப்படி இருந்திருக்கும் என்று அவர் மீட்டு உருவாக்கினார்.

எந்த உடல் குண்டைச் சுமந்தது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் யார் என்பது அப்போதும் தெரியவில்லை. அதற்கு உதவியது அதே வெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா. ஃபிலிம் கெடாமல் தப்பியிருந்தது. சந்தன மாலையோடு நின்ற பெண் அந்தப் படத்தில் இருந்தார். கிடைத்த தலையின் முகத்தைப் படத்தில் இருந்த முகத்தோடு ஒப்பிட முடிந்தது. டிஎன்ஏ பரிசோதனையும் இந்த வழக்கில் பயன்பட்டது. இந்தியாவில் அந்தத் தொழில்நுட்பம் நீதிமன்றத்துக்கு வரத் தொடங்கிய காலம் அது. படம் காட்டிய முகத்துக்குப் பெயரையும் ஊரையும் தேடிக் கொடுத்தது சிறப்புப் புலனாய்வுக் குழுவின் உழைப்பு. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சந்திரசேகரனுக்கு 2000-இல் பத்மபூஷண் கிடைத்தது.

இந்த வழக்கை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். ஒரே ஒரு தடயம் அங்கே எதையும் நிரூபிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே வைத்து ஒப்பிட இன்னொன்று இருந்தது: தலைக்கு எதிரே புகைப்படம், உடைத் துண்டுக்கு எதிரே அதே படத்தில் இருந்த உடை. எதிர்ப்பக்கம் இல்லாத தடயம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊமைதான். உதட்டு ரேகையையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கைரேகைக்கு இந்த எதிர்ப்பக்கம் நூறு ஆண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கிறது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ஹென்றி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரில் உலகம் அறிந்த வகைப்பாட்டுக்குப் பின்னால் அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அலுவலர்களின் மூளை இருந்தது. இன்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தானியங்கிக் கைரேகை அமைப்பு 2022 முதல் மாநிலங்களை இணைக்கிறது. ஆனால் விரல் எல்லோருக்கும் ஒத்துழைப்பதில்லை. ரேஷன் கடையில் பாருங்கள். கல் குவாரியில் வேலை செய்த அம்மா கட்டைவிரலைக் கருவியில் வைக்கிறார். ஏற்கவில்லை. சேலை முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். ஏற்கவில்லை. ஆட்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று மாற்றி மாற்றி வைத்தும் சிவப்பு விளக்குதான். பின்னால் வரிசை நீள்கிறது. அவர் கூசிப்போய்ச் சிரிக்கிறார். சிமென்டும் கருங்கல்லும் லேத்தில் பாயும் கூலன்ட் எண்ணெயும் விரல் நுனியைத் தேய்த்துவிடுகின்றன. உழைத்ததால் அழிந்த ரேகை அது. விரல் கைவிட்டால் வேறு எதை நம்பலாம் என்று தேடுவது நியாயம்தான். உதடு அந்தத் தேடலில் வந்த ஒன்று.

உதட்டில் கோடுகள் இருப்பதை 1902-இலேயே ஃபிஷர் என்ற அறிஞர் பதிவு செய்திருக்கிறார். தடயவியலின் முன்னோடியான பிரான்ஸ் நாட்டு எட்மோன் லொக்கார் 1932-இல் இதை அடையாளம் காணப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தார். உண்மையான வேலை ஜப்பானில்தான் நடந்தது. சுசுகியும் சுசிஹாஷியும் 1970 வாக்கில் கோடுகளை வகை பிரித்தார்கள். உதட்டின் உயரம் முழுக்க நேராக ஓடுவது முதல் வகை. அதுவே பாதியில் நின்றுவிட்டால் அதன் துணை வகை. கிளை பிரிவது இரண்டாவது, ஒன்றையொன்று வெட்டிக் கடப்பது மூன்றாவது, வலைபோல் பின்னுவது நான்காவது, எதிலும் அடங்காதது ஐந்தாவது. சுசிஹாஷி 1974-இல் 1,364 பேரின் ரேகைகளை ஆராய்ந்து, இருவருக்கு ஒன்றாக அமையவில்லை என்று எழுதினார். போலந்தில் காஸ்ப்ர்சாக் இதைக் காவல் துறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோனார்.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. சிவபாதசுந்தரமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-இல் தென்னிந்தியரிடம் வெட்டிக் கடக்கும் கோடுகளே மிகுதி என்று வெளியிட்டார்கள். சென்னை ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியின் சரஸ்வதி, மிஸ்ரா, ரங்கநாதன் ஆகியோர் ஐம்பது ஆண்கள், ஐம்பது பெண்களிடம் செய்த ஆய்வு 2009-இல் வந்தது. அதிலும் அதே வகைதான் முன்னால் நின்றது. அதற்குப் பிறகு இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து இதே அச்சில் வார்த்த கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா, இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் வேறுபாடு உண்டா என்பவைதான் கேள்விகள். முடிவுகள் கட்டுரைக்குக் கட்டுரை முரண்படுகின்றன. ஒருவர் ஆணுக்கு உரியது என்று சொன்ன வகையை இன்னொருவர் பெண்ணிடம் மிகுதியாகக் காண்கிறார்.

ஏன் என்று புரிய, சுவடு எடுப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உதட்டைத் துடைத்து, பளபளப்பில்லாத லிப்ஸ்டிக்கை ஒரே சீராகத் தடவி, இரண்டு நிமிடம் காய விடுகிறோம். செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டி, பூதக்கண்ணாடியில் பார்க்கிறோம். ஒரே மாணவியிடம் அடுத்தடுத்து மூன்று முறை எடுத்தால் மூன்றும் அப்படியே ஒன்றாக வருவதில்லை. வாய் மூடியிருந்தால் கோடுகள் தெளிவாக விழும். சற்றே திறந்தால் உதடு விரிந்து கோடுகள் மங்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் இரண்டு கோடு ஒன்றாகச் சேர்ந்து, கிளை பிரிந்தது வெட்டிக் கடந்ததாகத் தெரியும். ஒரே தாளை இரண்டு மாணவர்களிடம் கொடுத்தால் வகைப்படுத்துவதில் தகராறு வருகிறது. இத்தனைக்கும் இது வகுப்பறை; அசையாமல் உட்கார்ந்து ஒத்துழைக்கும் ஆள், நல்ல வெளிச்சம்.

விரலுக்கும் உதட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகித் தோலின் அடுக்கோடு பிணைந்த மேடு. உதட்டில் இருப்பவை மென்மையான, இழுபடும் சதையில் உள்ள பள்ளங்கள். பனிக் காலத்தில் வெடிக்கும், அக்கி வந்து ஆறும். பல் விழுந்த வயதில் உதடு உள்ளே மடியும். பிளவுபட்ட உதட்டுக்கு அறுவை செய்தவர்களுக்குத் தழும்பு குறுக்கே ஓடும். கோடுகளின் அடிப்படை அமைப்பு நிலைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. பல ஆண்டுகள் இடைவெளி விட்டு அதே ஆளிடம் எடுத்துப் பார்த்த நீண்ட கால ஆய்வுகள் போதுமான அளவில் இல்லை.

இப்போது அமெரிக்க வழக்கு. இல்லினாய் மாநிலத்தில் 1993-இல் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பவ இடத்துக்கு அருகில் அகலமான ஒட்டும் டேப் சுருள் ஒன்று கிடந்தது. அதன் ஒட்டும் பக்கத்தில் உதட்டுச் சுவடு இருப்பதாகச் சொல்லி, அது குற்றம் சாட்டப்பட்டவருடையதுதான் என்று மாநிலக் காவல் துறையின் தடயவியல் ஆய்வாளர் 1997-இல் சாட்சி சொன்னார். உதட்டு ரேகை கைரேகை போல ஏற்கப்பட்ட முறை என்று ஜூரிகளுக்குச் சொல்லப்பட்டது. அவருக்கு 45 ஆண்டு சிறை. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஏற்பு எங்கே, யாரால், எந்தச் சோதனையின் அடிப்படையில் வந்தது என்று பிறகு கேட்டபோது பதில் இல்லை. மறுவிசாரணைக்கு உத்தரவாகி, இறுதியில் அவர் வெளியே வந்தார். பத்து ஆண்டுக்கு மேல் போய்விட்டது. அந்த ஆய்வாளர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தான் பார்த்ததை நம்பினார். தன் கண் எத்தனை முறை தவறும் என்பதை யாரும் அளந்து பார்க்காததால், அவருக்கே அது தெரியாது.

கைரேகையே இதில் முழுக்கத் தப்பவில்லை. 2004 மாட்ரிட் ரயில் குண்டு வெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை ஒரேகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல் துறை காட்டியது. நூறாண்டு அனுபவமுள்ள துறையில் இப்படி நடந்தால், எதிரே ஒப்பிடப் பதிவுகளே இல்லாத துறை எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

எங்கள் துறைக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு பல் கடித் தடம். டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தார்வாடைச் சேர்ந்த பல் தடயவியல் நிபுணரின் கடித்தட ஆய்வும் சாட்சியங்களில் ஒன்று. 2017 மே 5-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது டிஎன்ஏ, மரண வாக்குமூலம் என்று பல சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று துணை நின்றன. அந்தத் தீர்ப்பு கடித் தடத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டதல்ல. இதற்கிடையே அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் கடித்தட ஆய்வின் அடிப்படைகளைப் பரிசீலித்து, அவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. பல் வரிசை ஒவ்வொருவருக்கும் தனியானதா, அந்தத் தனித்தன்மை தோலில் சரியாகப் பதிகிறதா, பதிந்ததைப் பார்த்து ஆளைச் சரியாகச் சொல்ல முடிகிறதா என்பவை அங்கே எழுந்த கேள்விகள். பல் என்பதை எடுத்துவிட்டு உதடு என்று போட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு மட்டும்தான் நாம் இத்தனை ஆண்டும் பதில் எழுதி வந்திருக்கிறோம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இதில் சேர்க்க வேண்டும். மேலை நாட்டு நூல்கள் ஒயின் கோப்பையையும் சிகரெட்டையும் சட்டைக் காலரில் பட்ட லிப்ஸ்டிக்கையும் காட்டுகின்றன. இங்கே செம்பிலும் தம்ளரிலும் பாட்டிலிலும் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பவர்கள் எத்தனை பேர்! அப்படிக் குடித்தவரின் உதடு பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. தேநீர் மட்டும் சூடு காரணமாக உதட்டோடு உறவு வைத்திருக்கிறது. ஒரகடம் சந்திப்பில் டீக்கடை வாசலில் குவியும் காகிதக் கப்புகளின் விளிம்பில் உதடு படத்தான் செய்கிறது. அங்கே லிப்ஸ்டிக் இருக்காது. உதட்டின் எண்ணெய்ப்பசையும் உமிழ்நீரும் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத சுவடுதான் இருக்கும். அலுமினியப் பொடியோ கொழுப்பில் ஒட்டும் சாயமோ போட்டு அதை வெளிக்கொணரலாம். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இதில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள்.

அந்தச் சுவட்டில் கோடுகளைவிட மதிப்பு வாய்ந்த ஒன்று ஒட்டியிருக்கிறது. உமிழ்நீரும் உதட்டின் உதிர்ந்த செல்களும் டிஎன்ஏ தரும். அதனால் சம்பவ இடத்தில் வரிசை முக்கியம். முதலில் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் படம் எடுக்க வேண்டும். டிஎன்ஏ-வைக் கெடுக்காத பொடிதானா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதலிலேயே ஒற்றினால் கோடுகள் போய்விடும். கோடுகளிலேயே மூழ்கி, கப்பைப் பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ போய்விடும். புதிய நாகரிக் சுரக்ஷா சட்டப்படி ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்குப் போக வேண்டும் என்று வந்திருப்பதால், தாலுகா அளவில் இருக்கும் காவலர்களுக்கும் இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் உதட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விரல் பதிவைத் தனியே சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 39-ஆம் பிரிவு, வேறு எந்தத் துறை நிபுணரின் கருத்தையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. கதவு அகலமாகியிருக்கிறது. உள்ளே வருவதைச் சோதிக்கும் பொறுப்பும் அந்த அளவுக்கு நீதிபதியிடமும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடமும் கூடியிருக்கிறது. உதட்டு ரேகை நிபுணர் கூண்டில் ஏறினால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: விடை தெரியாத மாதிரிகளை வைத்து உங்களைச் சோதித்தபோது எத்தனை முறை தவறினீர்கள்?

என் கருத்தில், இன்றைய நிலையில் உதட்டு ரேகை விலக்குவதற்குப் பயன்படலாம். சுவட்டில் தெளிவான தழும்பு இருந்து சந்தேகப்பட்டவருக்கு அது இல்லை என்றால், விசாரணை வேறு பக்கம் திரும்பலாம். எங்கே டிஎன்ஏ தேட வேண்டும் என்று சுட்டிக்காட்டலாம். இவர்தான் என்று சொல்ல அதற்கு இன்னும் தகுதி வரவில்லை.

இறந்தவரை அடையாளம் காண்பதில் அது இன்னும் பின்தங்குகிறது. இறந்த சில மணி நேரத்திலேயே உதடு காய்ந்து சுருங்கத் தொடங்கும். தீயிலும் நீரிலும் முதலில் சிதையும் பகுதிகளில் ஒன்று அது. பேரிடர்களில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் முதன்மையாக வைத்திருப்பவை கைரேகை, பல், டிஎன்ஏ. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் உதட்டுப் பதிவை எங்கேயாவது கொடுத்து வைத்திருப்பவர் நம்மில் யார்? எதிர்ப்பக்கமே இல்லை.

2014 ஜூன் 28-இல் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் பல. மேஸ்திரி சொன்ன பெயர்தான் அவர்களில் பலருக்கு இங்கே இருந்த ஒரே பதிவு. இன்று இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை விடுதிகளில் அப்படி வந்தவர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். ஆதாரில் விரல் பதிந்திருக்கிறதே என்றால், அந்த உயிரளவைத் தகவலை யாரோடும் பகிரக்கூடாது என்று ஆதார் சட்டமே தடுக்கிறது. அந்தத் தடைக்கு நியாயமும் இருக்கிறது. பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தவர்கள் குறைவு. ஆனால் எல்லோருடைய செல்போனிலும் செல்ஃபி இருக்கிறது. பல் தெரியச் சிரித்த ஒரு தெளிவான படத்தில் முன்பற்களின் வரிசை, இடைவெளி, உடைந்த முனை, தெத்துப்பல் எல்லாம் பதிந்துவிடும். இறந்தவரின் பற்களோடு அதை ஒப்பிட முடியும். உலகம் முழுவதும் பல் தடயவியலாளர்கள் இப்போது இதைச் செய்கிறார்கள். பல் தீயையும் தாங்கும்.

இங்கே இருக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னொரு நூறு பேரின் உதட்டை வகைப்படுத்தும் ஆய்வு வேண்டாம். அதே நூறு பேர் காகிதக் கப்பிலும் கண்ணாடித் தம்ளரிலும் எவர்சில்வரிலும் டீ குடிக்கட்டும். சுவடுகளை எடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். யாருடையது என்று தெரியாத ஆய்வாளர்களிடம் கொடுங்கள். தொகுப்பில் இல்லாத ஆட்களின் சுவடுகளையும் நடுவே கலந்து வையுங்கள். எத்தனை முறை தவறாகப் பொருத்தினார்கள், எத்தனை முறை சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதை அப்படியே வெளியிடுங்கள். விடை மோசமாக வந்தாலும் அது நல்ல ஆய்வுதான். வழிகாட்ட நான் இருக்கிறேன்.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரு பக்கப் படிவம் கொண்டுவந்திருக்கிறேன். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்திருக்கிறது. புதிதாகச் சேருகிறவரின் சம்மதத்தோடு, பல் தெரியச் சிரித்த ஒரு படத்தை அவருடைய செல்போனிலேயே எடுத்து, ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைக்கச் சொல்லும் படிவம் அது. அந்த உறவினரின் பெயரும் எண்ணும் மட்டும் உங்கள் பதிவேட்டில் இருந்தால் போதும். படத்தை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாசல் பக்க மேஜையில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.